சொல்லாமல் விட்டதுதான் ஆளைத் துரத்துகிறது

(திருகோணமலை நகரில், சிறு தொழில் நடத்துவோர் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியோர்களுக்கும், கடையையும் விடுதியையும் ஒரு நாள் பூட்டிவிட்டு வந்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மனிதவள முகாமைத்துவம் என்றவுடன், அது சீனக்குடாப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்கு உரிய சங்கதி, ஆறு பேர் வேலை செய்யும் என் கடைக்கு எதற்கு என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்ல வந்திருக்கிறேன். ஆயிரம் பேர் உள்ள ஆலையில் ஒருவர் நின்றுவிட்டால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிலாவெளியில் பத்து அறை கொண்ட விடுதியில், சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் ஆகஸ்ட் மாதத்து நடுவில் சமையற்காரர் பெட்டியைக் கட்டிவிட்டால், அன்று இரவே முதலாளி அடுப்படியில் நிற்க வேண்டும். ஆள் குறைந்த இடத்துக்குத்தான் இந்தப் படிப்பு அதிகம் தேவை.

ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால், சம்பளம் போதவில்லை, எல்லோரும் கட்டாருக்கும் துபாய்க்கும் போகிறார்கள் என்று உடனே பதில் வரும். அதில் உண்மை இருக்கிறது. 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரிசி விலையும் பால்மா விலையும் எங்கே போயின என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளிநாடு போகாமல், அதே சம்பளத்துக்கு உப்புவெளியில் அடுத்த விடுதிக்குப் போகிறவரைப் பற்றி என்ன சொல்வது? அவரைக் கேட்டுப் பாருங்கள். "கூப்பிடும்போது சொன்ன வேலை வேறு, வந்த பிறகு கொடுத்த வேலை வேறு" என்பார்.

நம் ஊரில் ஆள் எடுக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏப்ரல் மாதம் தொலைபேசி அழைப்புப் போகும். "தம்பி, சீசன் தொடங்கிவிட்டது, நாளைக்கே வாரும்." "சம்பளம் எவ்வளவு ஐயா?" "அதைப் பிறகு பார்த்துச் செய்வோம், நீர் முதலில் வாரும்." தம்பி மூதூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார். அறைகளைச் சுத்தம் செய்யத்தான் அழைத்தார்கள் என்று நினைத்து வந்தவர், மூன்றாம் நாள் துணி துவைக்கிறார், ஐந்தாம் நாள் மீன் வாங்கச் சந்தைக்குப் போகிறார், பத்தாம் நாள் இரவுக் காவலுக்கும் நிற்கிறார். இதில் எந்த வேலையும் இழிவானதல்ல. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டே வந்திருப்பார். சொல்லாமல் சுமத்தியதுதான் அவரை வெளியே தள்ளுகிறது.

ஆகவே ஆளைத் தேடுவதற்கு முன், அரைத் தாளில் வேலையை எழுதுங்கள். காலையில் வந்தவுடன் என்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை மணிக்கு வீடு போகலாம், எந்த நாள் லீவு. பாடப்புத்தகங்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கின்றன, அது இருக்கட்டும். அந்த அரைத் தாளை எழுத முடியாவிட்டால், உங்களுக்கு என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியவில்லை என்று பொருள்.

அந்தத் தாள்தான் பிறகு நியமனக் கடிதமாகிறது. 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு கூலி, ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை, திடீர்த் தேவைக்கு எடுக்கும் 7 நாள் அமய விடுமுறை ஆகியவை எல்லாம் அந்தச் சட்டம் வகுத்தவை. கடிதத்தை ஊழியர் வாசிக்கும் மொழியில் கொடுங்கள். தமிழும் சிங்களமும் ஒரே சமையலறையில் புழங்கும் ஊர் இது. விளங்காத கடிதத்தில் வாங்கிய கையொப்பத்துக்கு என்ன மதிப்பு?

இனிச் சம்பளச் சீட்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மனக்கசப்பு அதிகம் பிறப்பது இங்கேதான். ஒருவருக்கு மாதம் 40,000 ரூபாய் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு என்று வையுங்கள். ஓய்வு காலத்துக்காகச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்கிடும்போது சாப்பாட்டின் பெறுமதியையும் சேர்க்க வேண்டும் என்பது பல விடுதிக்காரர்களுக்குத் தெரிவதில்லை. அதை 5,000 ரூபாய் என்று கொண்டால் கணக்கு 45,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதம் 3,600 ரூபாய். முதலாளியின் 12 வீதம் 5,400 ரூபாய். ஊழியர் பெயரில் சேரும் இன்னொரு சேமிப்பான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியே கட்டும் 3 வீதம் 1,350 ரூபாய். மேலதிக நேரக் கூலி இந்தக் கணக்கில் சேராது.

சீட்டே கொடுக்காத இடத்தில் ஊழியருக்குத் தெரிவது ஒன்றுதான்: கையில் 36,400 ரூபாய் வந்தது, 3,600 ரூபாய் எங்கேயோ போய்விட்டது. முதலாளி அவருக்காக மாதந்தோறும் 6,750 ரூபாய் கட்டுகிறார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நல்லதைச் செய்தும் நல்ல பெயர் இல்லை. இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடையே ஊறிக்கிடக்கிறது. சீசனுக்கு மட்டும் வருபவருக்குச் சேமலாப நிதி தேவையில்லை என்கிறார்கள். தேவை. தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு, கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் உண்டு. வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கொடுக்கும் பணிக்கொடைக்கான சட்டம்தான் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம்.

சொல்வதோடு கேட்பதும் வேண்டும். அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதே முதற் கேள்வி. எதிர்பார்த்த நேரான தொடர்பு கிடைக்கவில்லை. வெளிச்சம் குறைந்தபோதும் உற்பத்தி கூடிய சந்தர்ப்பங்கள் இருந்தன. பின்னர் அங்கே 20,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்களை உட்கார வைத்து, அவர்களுடைய குறைகளைக் கேட்டார்கள். அந்த ஆய்வு முறையில் பிற்காலத்தவர் பல குறைகளைச் சுட்டிக்காட்டினார்கள், அது சரியானதே. ஆனாலும் தொழிலாளியிடம் நேரில் கேட்கலாம் என்ற பழக்கம் அதற்குப் பிறகு பரவியது. உங்கள் ஆறு பேருக்கு மாதம் ஒரு தடவை, ஆளுக்குக் கால் மணி நேரம் போதும். கல்லாவில் பணம் எண்ணிக்கொண்டே கேட்காதீர்கள், எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.

தவறு நடந்தால் அன்றே, தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். விருந்தினர் முன்னால் சத்தம் போடுவதும் தவறு, மூன்று மாதம் மனத்தில் அடுக்கிவைத்துச் சம்பள நாளில் கொட்டுவதும் தவறு. திரும்பத் திரும்ப நடந்தால் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, அவருடைய விளக்கத்தையும் எழுத்தில் வாங்குங்கள். "நாளை முதல் வர வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையில் முடிக்க நினைத்தவர்கள் பின்னர் வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.

கடைசியாக, நமக்கே உரிய சிக்கல். ஒக்டோபர் பிறந்து மழை தொடங்கினால் நம் கடற்கரை வெறிச்சோடுகிறது, தெற்கே ஹிக்கடுவையில் சீசன் தொடங்குகிறது. நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள், போவதில் பிழையில்லை. கணக்கை முழுமையாகத் தீர்த்து, சேவைச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த ஆண்டு எந்தத் திகதி, எந்த வேலை, என்ன சம்பளம் என்பதையும் அப்போதே எழுதிக் கொடுங்கள். மார்ச் மாதம் அவரைக் கூப்பிட்டு, அதே திகதியையும் அதே சம்பளத்தையும் மறுபடி உறுதி செய்யுங்கள். மூன்று சீசன் தொடர்ந்து வந்த ஒருவர், புதிதாக வருபவருக்கு உங்களைவிட நன்றாக வேலை பழக்குவார். அதற்குரிய மேலதிகக் கொடுப்பனவையும் அவருடைய கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.