வசியம் பிடித்த கேரக்டரை யார் ஆடுவது?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார், நான் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, ஆளுக்கொரு கேரக்டராக நடித்து டைஸ் உருட்டி ஆடும் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பை டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துபவராக) நடத்துகிறேன். போன செஷனில் வில்லன் மந்திரவாதி எங்கள் ஃபைட்டர் (சண்டைக்கார கேரக்டர்) மேல் டாமினேட் பெர்சன் என்கிற வசிய ஸ்பெல்லைப் போட்டான். சேவ் (மந்திரத்திலிருந்து தப்பிக்க உருட்டும் டைஸ்) தோற்றது, அதனால் அந்தக் கேரக்டரை நானே வாங்கி ஆடினேன். சண்டை முடியும் வரை அதை ஆடும் நண்பர் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இந்த வாரம் ஆளையே காணோம். விதிப்படிதானே செய்தேன், என்ன தப்பு?"

விதிப்படிதான் செய்தீர்களா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த ஸ்பெல்லை நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். மந்திரவாதி மனதுக்குள்ளாலேயே கட்டளை கொடுக்கிறான், "அவனை அடி", "அங்கே ஓடு" என்கிற மாதிரி, பிடிபட்டவன் தன்னால் முடிந்த அளவுக்கு அதை நிறைவேற்றுகிறான், அவ்வளவுதான். அசைவு அசைவாக ஆட்டிவைக்க வேண்டுமென்றால், 2014 புத்தகத்தின்படி, மந்திரவாதி தன் ஆக்‌ஷனையே அதற்காகச் செலவழிக்க வேண்டும். அதாவது சாதாரணமாகக் கட்டளைதான் வில்லனுடையது, அதை எப்படி நிறைவேற்றுவது என்பது கேரக்டருடையது. கேரக்டர் ஷீட்டை டிஎம் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. நாமாகவே கிளப்பிவிட்ட பழக்கம் அது.

நானும் அதே பழக்கத்தில் ஊறியவன்தான். ஆரம்பத்தில் ஒரு பிளேயருடைய டைஸை நானே எடுத்து உருட்டி, அவளுடைய கேரக்டரை வைத்தே அவளுடைய தோழியின் கேரக்டரைச் சாய்த்தேன். கிரிட்டிக்கல் (டைஸில் விழும் பலத்த அடி) வேறு விழுந்தது, எனக்கு ஒரே குஷி. அவள் ஒன்றும் பேசவில்லை, கையை நீட்டித் தன் டைஸை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கேரக்டர் செத்தபோதுகூட அவள் அப்படிச் செய்ததில்லை.

யோசித்தால் காரணம் புரியும். டிஎம் கையில் மொத்த உலகமும் இருக்கிறது, ராஜா, அரக்கன், மழை, கதவு எல்லாம். பிளேயர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, தன் ஆள் என்ன செய்வான் என்கிற முடிவு. ஹிட் பாயிண்ட் (கேரக்டரின் உயிர்க்கணக்கு) போனாலும் அந்த முடிவு அவரிடம்தான் இருக்கும். வசியத்தில் அதையும் எடுத்துவிட்டால் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதற்கே காரணம் இல்லை, போனைத்தான் பார்ப்பார், பாவம்.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். கேரக்டரைத் தொடுவதே இல்லை, கேரக்டருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் மாற்றுகிறேன். ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதி மடித்துக் கொடுப்பேன். கடைசியாகக் கொடுத்த சீட்டில் "அந்த அறைக்குள் இருப்பவள் உன் தங்கை, அவள் பயந்துபோயிருக்கிறாள், யாரையும் உள்ளே விடாதே" என்று எழுதியிருந்தேன். வாங்கியவர் ரோக், அதாவது திருட்டுக் கை தேர்ந்த கேரக்டரை ஆடுகிறவர். படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கூட்டாளியான கிளெரிக் (பூசாரி கேரக்டர்) கதவைத் திறக்கப் போனபோது "இரு இரு, பொறி ஏதாவது இருக்கும், பூட்டை நான் பார்க்கிறேன்" என்று குனிந்தவர், சாவித்துவாரத்துக்குள் கம்பியை நுழைத்து உள்ளேயே ஒடித்துவிட்டார். இரண்டு ரவுண்டு யாருக்கும் பொறி தட்டவில்லை. தட்டியதும் எழுந்த கூச்சல் இருக்கிறதே! நானாக ஆடியிருந்தால் "ரோக் கிளெரிக்கைக் குத்துகிறான், பன்னிரண்டு டேமேஜ்" என்று சப்பென்று முடித்திருப்பேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. சிலர் சீட்டை வாங்கியதுமே சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு எல்லோர் முன்னாலும் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன், அதுவும் நன்றாகத்தான் போகும். இன்னும் சிலர் இதையே சாக்காக வைத்துப் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள், வசியம் என்றதும் தனக்குப் பிடிக்காதவனைத் தேடிப் போய் வெட்டுவார்கள். அந்த மாதிரி ஆளுக்கு "தாக்கு" என்று எழுதாதீர்கள், "தடு", "காப்பாற்று", "கொண்டுவந்து கொடு" என்று எழுதுங்கள்.

அப்புறம், சின்ன வசியத்தைப் பெரிய வசியமாக்காதீர்கள். சார்ம் பெர்சன் யாரையும் அடிமையாக்குவதில்லை. போட்டவனைத் தாக்க முடியாது, அவன் சிநேகமான தெரிந்த ஆளாகத் தோன்றுவான், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து தன்மேல் வசியம் போட்டார்கள் என்பதும் கேரக்டருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த ஆள் கேட்டான் என்பதற்காக யாராவது கூட்டாளியின் கழுத்தை அறுப்பார்களா?

விடுபடும் வழி இருக்கிறது என்பதையும் டேபிளில் வாய்விட்டுச் சொல்லுங்கள், இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். டாமினேட் பெர்சன் பிடித்தவர் அடிபடும் ஒவ்வொரு முறையும் புதிதாக விஸ்டம் சேவ் போடலாம், அதனால் நண்பன் கொடுக்கும் ஓர் அறைகூட மருந்துதான். மந்திரவாதியின் கான்சன்ட்ரேஷனை, அதாவது ஸ்பெல்லைத் தாங்கிப் பிடிக்கும் கவனத்தை, உடைத்தாலும் போய்விடும். இது தெரிந்துவிட்டால் மற்றவர்கள் சும்மா வேடிக்கை பார்க்கமாட்டார்கள், ஃபைட்டரை மீட்பதே சண்டையாகிவிடும். ஸ்பெல்லைச் சாதாரணமாகப் போட்டால் அதிகபட்சம் ஒரு நிமிடம்தான், ஆனால் அது பத்து ரவுண்டு, டேபிளில் ஒரு மணி நேரத்தையே விழுங்கிவிடும். ஆளை அசையவிடாமல் முடக்கும் ஹோல்ட் பெர்சன் மாதிரி டர்னே போய்விடுகிற கேஸ் என்றால், வில்லனின் அடியாள் ஒருவனை அந்தப் பிளேயரிடமே ஆடக் கொடுத்துவிடுங்கள். கொடுத்துப் பாருங்கள், உங்களைவிடக் கொடூரமாக ஆடுவார்.

வேறு ஆட்டங்களிலிருந்தும் கொஞ்சம் திருடலாம். ஃபேட் என்கிற இன்னொரு கதையாட்டத்தில் உங்கள் கேரக்டரின் குணத்தை வைத்தே டிஎம் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடப் பார்ப்பார், ஒத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு ஃபேட் பாயிண்ட் வரும், மறுத்தால் நீங்கள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து என் டேபிளுக்கு ஒரு சொந்த விதி வைத்தேன்: சேவ் தோற்ற பிறகு கட்டளைக்கு மனதார அடங்கி ஆடினால் ஓர் இன்ஸ்பிரேஷன் (பின்னால் டைஸ் உருட்டும்போது கைகொடுக்கும் பரிசு), அடங்க மாட்டேன் என்று மனதுக்குள் முட்டி மோதினால் அந்த டர்னுக்கு சைக்கிக் டேமேஜ் (மனதைத் தாக்கும் அடி). எப்படியும் தேர்ந்தெடுப்பவர் பிளேயர்தான். மூக்கில் ரத்தம் வழிய வாளைக் கீழே போடுவதா, கண்ணை மூடிக்கொண்டு வீசுவதா என்று அவர் திணறும் அந்த நேரத்தில் மொத்த டேபிளும் வாயைத் திறக்காது.

ஒரே இடத்தில் நான் கறார். வசியத்தை வைத்துக் காதல், உடம்பு பக்கம் போவதென்றால் முதல் செஷனுக்கு முன்பே எல்லோரிடமும் கேட்டிருக்க வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். பிளேயர் இன்னொரு பிளேயர் மேல் வசியம் போடுவதும் அப்படியே, எதிரில் இருப்பவர் சரி என்றால்தான் டைஸே உருளும். எக்ஸ் கார்டு (பிடிக்காத காட்சி வந்தால் தொட்டுக்காட்ட மேசையில் வைக்கும் அட்டை) வைத்து ஆடுகிறவர்கள் என்றால் யாராவது அதைத் தொட்டதும் காட்சியை மாற்றிவிடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது உங்கள் நண்பர் விஷயம். போன் போடுங்கள், ஆனால் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். "உன் ஆளை நான் எடுத்து ஆடியிருக்கக் கூடாது, நீயாக இருந்தால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரிடம் பதில் தயாராகவே இருக்கும், போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அவர் மனசு அதைத்தான் யோசித்திருக்கும். அந்த மந்திரவாதி தப்பித்துப் போயிருந்தால் இன்னும் நல்லது, அடுத்த செஷனை ஃபைட்டர் அவனைத் தேடிக் கிளம்புவதிலிருந்து ஆரம்பியுங்கள். எந்தத் திசையில் கிளம்புவது என்பதை மட்டும் அவரையே சொல்லவிடுங்கள்.