ஏதாவது சேதி உண்டா? மக்ரூமில் ஒரு செவ்வாய்க்கிழமை

வணக்கம் மக்களே, எல்லாரும் சௌக்கியமா? இன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசவில்லை, ஊர்ச் சதுக்கத்துக்கே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் தெரிகிற கல் வளைவுதான் மக்ரூம் கோட்டை வாசல். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: மக்ரூம், அயர்லாந்தின் தெற்கே, கார்க் நகரத்திலிருந்து மேற்காக சுமார் 40 கிலோமீட்டர். நாலாயிரம் பேர் வாக்கில் இருக்கிற சின்ன ஊர்.

இப்போது ஒரு பத்து வினாடி நான் பேசாமல் இருக்கிறேன். நீங்கள் காது கொடுத்துக் கேளுங்கள்.

கேட்டதா? கோட்டைச் சுவர் மேல் காக்கைகள். அங்கே இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்கள் சிரிப்புகூட இங்கே வரைக்கும் வருகிறது. நான் 2021-ல் இந்த ஊருக்கு வந்தபோது இதே இடத்தில் நின்று இப்படிப் பேசியிருந்தால் ஒரு வார்த்தைகூட உங்களுக்குக் கேட்டிருக்காது. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கார்க்கிலிருந்து கில்லார்னி போகிற என்22 சாலை அப்போது ஊருக்கு நடுவே, இந்தச் சதுக்கத்தைத் தொட்டுக்கொண்டு போனது. கெர்ரி மாவட்டத்துக்குப் போகிற ஒவ்வொரு லாரியும், டூரிஸ்ட் பஸ்ஸும் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தொடர் விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் கேட்கவே வேண்டாம், ஊரை விட்டு வெளியே வரைக்கும் வண்டி வரிசை நிற்கும். மெயின் ஸ்ட்ரீட்டில் நடைபாதை ஒடுக்கம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனால், லாரியின் கண்ணாடி தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் போகும். நான் சுவர்ப் பக்கமாக ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தாலும் கையை மட்டும் தூக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பேசினால் கேட்காது, அவ்வளவுதான் காரணம். நானோ, இந்த ஊர்க்காரர்கள் அவ்வளவாகப் பேச மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புறவழிச்சாலை வேண்டும் என்று ஊர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. மேற்கே பாலிவூர்னி வரைக்கும் மொத்தம் 22 கிலோமீட்டர் வேலை, 2020-ல் தொடங்கியது. மக்ரூமைச் சுற்றிப் போகிற பகுதியை முதலில் முடித்து, 2022 டிசம்பரில் திறந்தார்கள். அப்போது பிரதமராக இருந்த மீஹால் மார்ட்டினே வந்து திறந்துவைத்தார், அவரும் கார்க்காரர்தான். மீதிப் பகுதி அடுத்த வருஷக் கடைசியில் முடிந்தது.

திறந்த மறுநாள் காலையில் நான் ரொட்டி வாங்க வந்தேன். தெருவில் டிசம்பர் மாதக் குளிர். மெயின் ஸ்ட்ரீட்டின் நடுவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தெருவைக் கடக்கவில்லை, சும்மா நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்ததும், "உனக்குக் கேட்கிறதா?" என்றார். ஆற்றுச் சத்தம். சல்லேன் ஆறு கோட்டைக்குக் கீழேதான் ஓடுகிறது. அது வரைக்கும் பாலத்துக்குப் போய் எட்டிப் பார்த்தால்தான் ஆறு இருக்கிறது என்பதே எனக்கு நினைவுக்கு வரும்.

கடைக்காரர்களுக்கு அப்போது பயம் இருந்தது. வழியில் நிற்கிற வண்டிகள்தானே டீக்கும் சாண்ட்விச்சுக்கும் வியாபாரம் கொடுத்தன. அந்தப் பயத்தை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். போதாதற்கு 2023 செப்டம்பர் 1 முதல் ஓட்டல் சாப்பாட்டுக்கான வாட் வரி 9 சதவீதத்திலிருந்து 13.5-க்கு ஏறியது. நாடு முழுவதும் சின்ன காபிக் கடைகள் திணறின. நான் வாரம் ஒரு தடவை போய் உட்காருகிற கடையில் அப்போது விலைப்பலகையைத் துடைத்துத் துடைத்து மாற்றி எழுதியதை நானே பார்த்தேன். ஆனாலும் என் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும், இப்போது ஊருக்குள் வருகிறவர்கள் ஊருக்காகவே வருகிறார்கள். வண்டியை நிறுத்த இடம் கிடைக்கிறது, அதனால் இறங்கி நடக்கிறார்கள்.

சரி, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். வாருங்கள், ஒரு சுற்று போகலாம். மீன் வண்டி, செடி விற்கிறவர்கள், பழைய சாமான். இதோ இந்த வெள்ளைப் பந்தைப் பாருங்கள், தண்ணீரில் மிதக்கிறது. மொசரெல்லா சீஸ், அதுவும் எருமைப் பாலில் செய்தது! ஆமாம், மக்ரூம் பக்கத்தில் எருமை மேய்கிறது. 2009 வாக்கில் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த மந்தை. பச்சைப் புல் மேட்டில் நம் ஊர் எருமை மாதிரியே கொம்பை வளைத்துக்கொண்டு நிற்பதை முதல் தடவை பார்த்தபோது நான் காரை நிறுத்தி இறங்கி, வேலி ஓரமாக வெகு நேரம் நின்றேன்.

அப்புறம் மக்ரூம் ஓட்ஸ். வறுத்து, கல் திரிகையில் அரைப்பது. பாக்கெட்டைப் பிரித்தவுடன் வறுத்த வாசனை குப்பென்று வரும், பொரிமாவு டப்பாவைத் திறந்த மாதிரி. நான் அதில் கஞ்சி காய்ச்சி, உப்பும் மோரும் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிடுவேன். இங்கே வெல்லப்பாகும் கிரீமும் போடுவார்கள். இரண்டுமே நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்களை ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்தப் போகிறேன். இந்த ஊரில் நான் தவறாமல் படிக்கிற செய்தி இதுதான்: கதவில் ஒட்டியிருக்கிற இந்த ஏ4 தாள். மழைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு நாலு மூலையிலும் ஊசி குத்தியிருக்கிறார்கள். யார் வீடு, எந்தத் தெரு என்பதைக் காட்ட மாட்டேன், விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கீழே மூடிக் கிடக்கிற கடை. மேலே இரண்டு மாடியையும் குடியிருப்பாக மாற்ற அனுமதி கேட்கிறார்கள்.

அயர்லாந்தில் அனுமதி தேவைப்படுகிற எதைக் கட்டினாலும், மாற்றினாலும், அனுமதி கேட்பதற்கு முன்னால் இப்படி ஒரு அறிவிப்பை அந்த இடத்திலேயே, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். செய்தித்தாளிலும் போட வேண்டும். விண்ணப்பம் போன நாளிலிருந்து 5 வாரத்துக்குள் யார் வேண்டுமானாலும் 20 யூரோ கட்டி மாவட்ட மன்றமான கவுண்டி கவுன்சிலுக்குத் தன் கருத்தை எழுதலாம். அந்தக் கருத்தைப் பதிவேட்டில் வைத்தே ஆக வேண்டும். தாள் வெள்ளையாக இருந்தால் புது விண்ணப்பம். மஞ்சளாக இருந்தால், ஆறு மாதத்துக்குள் அதே இடத்துக்கு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார், இங்கே அதுதான் வழக்கம். ஆனால் எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வராது. அதனால் பெயரைச் சொல்லாமலே பேச்சைத் தொடங்கிவிடுவேன்.

அவரோடு நடந்து போனால் ஒவ்வொரு தாளுக்கும் நிற்க வேண்டும். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முழுக்கப் படிப்பார். இந்தத் தாளைப் படித்தபோது மேல் மாடி ஜன்னலைக் காட்டி, "அங்கே விளக்கு எரிந்து முப்பது வருஷம் இருக்கும்" என்றார். அவர் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் கடைக்காரக் குடும்பங்கள் கடைக்கு மேலேயேதான் குடியிருந்தனவாம். பிறகு ஒவ்வொருவராக ஊருக்கு வெளியே தோட்டம் வைத்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாடிகள் அட்டைப்பெட்டி போடுகிற இடமாகிவிட்டன. இன்னொரு பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஜனங்கள் அலைகிறார்கள். நாங்கள் வந்த புதிதில் ஐந்து மாதம் தேடினோம், அதனால் அந்த இருட்டு ஜன்னல்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

இப்போது அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கிற பழைய கட்டடத்தைக் குடியிருப்பாக்கினால் 50,000 யூரோ வரைக்கும், இடிந்து கிடந்தால் 70,000 வரைக்கும். 2023-ல் ஏற்றிய தொகை இது. பழைய கட்டடத்தில் கை வைத்தால் செலவு அதோடு நிற்காது என்பது நிஜம்தான். ஆனாலும் இந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த ஜன்னலில் விளக்கு எரிகிற அன்றைக்கு நிச்சயமாக ஒரு வீடியோ போடுவேன்.

போகிற வழியில் இந்தக் காலிப் பாட்டில் பையையும் கொடுத்துவிடலாம். 2024 பிப்ரவரி 1 முதல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் அலுமினியக் கேனுக்கும் முன்பணம் வைத்தார்கள். அரை லிட்டர் வரைக்கும் 15 சென்ட், அதற்கு மேல் 25 சென்ட். காலியைச் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கடையிலேயே பணமாக்கிக்கொள்ளலாம். நசுங்கினால் ஏற்காது, முழுசாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஊரே அலுத்துக்கொண்டது. இப்போது வரிசையில் நிற்பதே ஒரு சந்திப்பு. என் முன்னால் நின்ற பையன் கையில் மூன்று மூட்டை. அவனுடைய விளையாட்டு கிளப்புக்குப் பந்து வாங்கவாம்.

சின்ன ஊரில் வங்கிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். சின்ன ஊர்களில் கிளைகள் குறைந்துகொண்டே வருவது உண்மை. 2021-ல் பேங்க் ஆஃப் அயர்லாந்து, வட அயர்லாந்து சேராமல் அயர்லாந்துக் குடியரசில் மட்டும் 88 கிளைகளை மூடியது. அல்ஸ்டர் பேங்க் குடியரசை விட்டே போய்விட்டது. ஆனால் 2022 ஜூலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏஐபி வங்கி 70 கிளைகளில் ரொக்கமே கிடையாது என்று அறிவித்தது. நாடே எழுந்து நின்றது. சில நாளிலேயே முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாட்டி அந்த வாரம் பூராவும் அதையேதான் பேசினார்.

இப்போது அந்தப் பெரியவர்கள் பக்கம் திரும்புகிறேன், இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது, "ஏதாவது சேதி உண்டா?" என்றுதான். மேற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் ஐரிஷ் மொழி பேசுகிற ஊர்கள். அங்கே "ஷ்கேல்" என்று ஒரு சொல், செய்தி என்றாலும் அதுதான், கதை என்றாலும் அதுதான். அதை வைத்துத்தான் விசாரிப்பார்கள். என் அப்பா திருவாரூர்ப் பக்கம் டீக்கடையில் யாரைப் பார்த்தாலும், "என்ன சேதி?" என்பார். அது நலம் விசாரிப்பதுதான். ஒன்றுமில்லை என்று பதில் சொன்னால்கூடப் பேச்சு அங்கிருந்து ஒரு மணி நேரம் போகும். இங்கேயும் அப்படியே.

அந்தச் சேதியில் முதல் இடம் மரணத்துக்கு. உள்ளூர் வானொலி சி103-ல் தினமும் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். பெயர், ஊர், எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பூசை, எந்தக் கல்லறைத் தோட்டம் என்று நிதானமாக, ஒவ்வொன்றாக. பாட்டி அந்த நேரத்தில் கெட்டிலைக்கூடப் போட மாட்டார். ஆர்ஐபி டாட் ஐஈ என்று ஒரு இணையதளமும் இருக்கிறது, 2005-லிருந்து நடக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத் திறந்து பார்க்காத வீடு குறைவு. 2024-ல் ஐரிஷ் டைம்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2025 முதல் ஒரு அறிவிப்புக்கு 100 யூரோ. கட்டணம் வந்தபோது பலருக்கும் மனவருத்தம், எனக்கும்தான். துக்க செய்தி ஊருக்குப் பொதுவான சொத்து மாதிரி இருந்தது.

நேற்று அந்த வானொலியில் வாசித்த பெயர்களில் பாட்டியின் தம்பி பெயர் இருந்தது. முன்பே தெரியும், இருந்தாலும் வானொலியில் கேட்ட பிறகுதான் அவர் கை நடுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடிந்ததும், "ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னார்கள்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக்குச் சாயங்காலம் 5 மணிக்கு அந்தத் துக்கத்துக்குப் போக வேண்டும். வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, உங்கள் துயரத்தில் எனக்கும் வருத்தம் என்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் அதே வரியைத்தான் சொல்வார்கள். நான் நேற்று ராத்திரி சொல்லிப் பழகிக்கொண்டேன். பிறகு டீயும் சாண்ட்விச்சும் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. நான் ஒரு தூக்கு நிறைய எலுமிச்சை சாதம் கொண்டுபோகிறேன், பாட்டிக்கு அது பிடிக்கும்.

அங்கே கேமரா வராது. அதனால் இந்த வாரம் வேறு வீடியோ கிடையாது மக்களே. அடுத்த செவ்வாய்க்கிழமை, இதே சதுக்கத்தில் பார்க்கலாம்.