சாவு வீட்டில் கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்த் திரைப்பட வட்டத்தில் 'ஈ.ம.யௌ.' என்ற மலையாளப் படத்தைப் போட்டோம். 2018இல் வந்த படம். இயக்கியவர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி, எழுதியவர் பி.எஃப். மேத்யூஸ். ஈசோ, மரியம், யௌசேப்பு என்பதன் சுருக்கம்தான் தலைப்பு. அதாவது இயேசு, மரியாள், சூசையப்பர்; கத்தோலிக்க வீடுகளில் உயிர் பிரியும் நேரத்தில் காதருகே சொல்லும் பெயர்கள்.

விளக்கு போட்டதும் முதலில் எழுந்த குரல், "ரொம்ப இழுவைங்க."

அவருக்கு முதல் காட்சியே ஒத்துவரவில்லை. கடற்கரை, கேமரா அசையாமல் நிற்கிறது. பேண்டு வாத்தியத்தோடு ஒரு சவ ஊர்வலம் தூரத்தில் மெல்லப் போகிறது. அது பாட்டுக்குப் போக, பெயர்கள் ஓடி முடிகின்றன. "அதுக்குள்ள ரெண்டு தடவை போனை எடுத்துப் பார்த்துட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வந்த மனிதர்.

கதை சின்னது. கொச்சிக்குத் தெற்கே செல்லானம், கடலோரக் கிராமம், லத்தீன் கத்தோலிக்கர்கள். ஊர் சுற்றப் போன வாவச்சன் மேஸ்திரி ஒரு வாத்தோடு வீடு திரும்புகிறார். மகன் ஈஷியோடு உட்கார்ந்து குடிக்கும்போது, தன் அப்பனுக்கு நடந்த பிரமாதமான அடக்கத்தைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார். அதைவிட நன்றாக உங்களுக்குச் செய்கிறேன் என்று மகன் வாக்குக் கொடுக்கிறான். அன்றிரவே அப்பன் போய்விடுகிறார். கையில் காசில்லை. மழை வேறு. மனைவியின் சங்கிலியை அடகுக்குக் கொடுத்தாவது நல்ல பெட்டி வாங்கிவிட வேண்டும் என்று அவன் நிற்கிறான்.

அடுத்து ஒரு அம்மா பேசினார். ஓய்வுபெற்ற ஆசிரியை. வாவச்சனின் மனைவி பெண்ணம்மாவாக நடித்த பௌலி வல்சனைப் பற்றி மட்டும்தான் பேசினார். புருஷனின் உடலருகே உட்கார்ந்து பெண்ணம்மா அழுகிறாள் அல்லவா, வாசலில் யார் தலை தெரிகிறதோ அதற்கேற்ப அந்த அழுகையின் வார்த்தைகள் மாறுகின்றன. போனவரின் பெருமையும் வந்தவர் மேலுள்ள குறையும் ஒரே ராகத்தில் வருகின்றன. "எங்க ஆத்தா ஒப்பாரி வச்சா இப்படித்தான் வைக்கும். சீர் செய்யாதவன் உள்ள நுழைஞ்சா அடுத்த வரி அவனுக்குத்தான்" என்றார். அந்த நடிப்புக்காக வல்சனுக்குக் கேரள அரசின் விருதும் கிடைத்தது.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவர், முப்பது வயதுதான் இருக்கும், மெதுவாகச் சொன்னார். "எங்கப்பா தவறின அன்னைக்கு ஐஸ் பெட்டி வர அஞ்சு மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். இந்தப் படம் எனக்கு மெதுவாத் தெரியலைங்க."

எனக்குப் பட்டதும் அதுதான். சாவு வீட்டில் நேரம் நம் இஷ்டத்துக்கு நகராது. ஒரு பக்கம் எதுவுமே நடக்காமல் உட்கார்ந்திருப்போம். மறுபக்கம் பந்தல், பெட்டி, குழி, சொல்லியனுப்ப வேண்டியவர்கள் என்று தலை சுற்றும். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்த படம் வேறெதையும் நான் பார்த்ததில்லை. பின்னணி இசையும் மிகக் குறைவு. கடலும் மழையும் ஆட்களின் பேச்சும்தான் காதில் விழுகின்றன. ஷைஜு காலிதின் கேமரா, துக்கம் கேட்க வந்த இன்னொரு ஆள் மாதிரி கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வருகிறது.

எனக்கும் ஒரு குறை உண்டு. சாவில் சந்தேகப்பட்டு அடக்கத்துக்கு முட்டுக்கட்டை போடும் பாதிரியாரின் பகுதி கொஞ்சம் வலிந்து சேர்த்ததாகத் தெரிந்தது. மற்றவர்களெல்லாம் ரத்தமும் சதையுமாக இருக்கும்போது அவர் மட்டும் கதையின் தேவைக்காக வந்தவர் போல இருக்கிறார்.

ஆனால் அதற்குப் பிறகு வருவதை மறக்க முடியவில்லை. ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்ய விடமாட்டார்கள் என்றானதும், கொட்டும் மழையில் ஈஷி தன் வீட்டு முற்றத்திலேயே மண்வெட்டியோடு இறங்குகிறான். ஈஷியாக நடித்த செம்பன் வினோத் அந்த இடத்தில் அழுது ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. வெட்டுகிறார், வெட்டிக்கொண்டே இருக்கிறார். கொடுத்த வாக்கில் மிச்சமிருப்பது அந்தக் குழி மட்டும்தான்.

"இழுவை" என்றவர் கிளம்பும்போது என்னிடம் வந்தார். அந்தக் குழி வெட்டும் இடத்தில் தான் போனை எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வணக்கம்.