ஒன்பது மணி என்றால் எந்த ஊர் ஒன்பது மணி?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வாழும் வீடுகளுக்கு இது பழகிய கதை. ஞாயிறுதோறும் மாலை ஏழரைக்கு அழைக்கும் மகள், மார்ச் மாதத்தில் திடீரென ஆறரைக்கே அழைப்பாள். நியூயார்க்கில் இருக்கும் அவளுக்கு அன்றும் காலை ஒன்பது மணிதான். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். நாம் ஆண்டு முழுவதும் மாற்றாமல் இருக்கிறோம்.

இரண்டு வாரத்தில் நமக்குப் பழகிவிடும். ஆனால் நாள்தோறும், வாரந்தோறும் தானாக ஓடும்படி நாம் எழுதிவைக்கும் கணினி நிரலுக்குப் பழகாது. 'எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமான யுடிசியில் சேமி' என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நடந்து முடிந்தவற்றுக்கு அது மிகச் சரி. பணம் எந்த நொடியில் கணக்கில் ஏறியது என்பது இனி மாறப்போவதில்லை. திரும்பத் திரும்ப வரப்போகும் வேலைக்கு அது தவறு. குளிர்காலத்தில் நியூயார்க்கின் காலை ஒன்பது, யுடிசியில் பிற்பகல் இரண்டு. அந்த இரண்டை மட்டும் சேமித்தால், காலை ஒன்பதுக்கு வைத்த மாத்திரை நினைவூட்டல் கோடையில் பத்து மணிக்கு ஒலிக்கும். நிரலில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. நோயாளிதான் ஒரு மணி நேரம் தாமதமாக மருந்து சாப்பிடுவார்.

ஆகவே 'காலை ஒன்பது, நியூயார்க்' என்றே எழுதிவையுங்கள். மணியும் ஊரும். யுடிசி நேரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுங்கள்.

ஊர்ப் பெயர் எதற்கு, யுடிசியிலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்று ஓர் எண்ணைக் குறித்தால் போதாதா என்பார்கள். அந்த எண் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இலங்கையில் 1996இல் மட்டும் அது இருமுறை மாறியது. 2006இல் மறுபடியும் பழைய ஐந்தரை மணி வித்தியாசத்துக்கே திரும்பியது.

லெபனானில் 2023இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மார்ச் 25 நள்ளிரவில் கடிகாரம் முன்னே போக வேண்டும். இரண்டே நாள் இருக்கும்போது, ரமலான் முடியும்வரை மாற்றம் இல்லை என்று அரசு அறிவித்தது. அங்குள்ள கிறிஸ்தவர்களின் மரோனைட் திருச்சபை ஏற்கவில்லை. சில தொலைக்காட்சிகளும் ஏற்கவில்லை. ஒரே நகரத்தில் இரண்டு நேரம்! கைப்பேசிகள் தாமாகவே மாறிவிடும் என்பதால் கையால் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள். சில நாளில் அரசே முடிவைத் திரும்பப் பெற்றது.

எந்த ஊரில் எப்போது என்ன நேர விதி என்று சொல்லும், உலகக் கணினிகள் பெரும்பாலும் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. தன்னார்வலர்கள் பராமரிப்பது. பழைய சென்னை நேரம், யுடிசியைவிட ஐந்து மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே என்று, இன்றும் அதில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. லெபனான் அறிவிப்பு வந்ததும் மார்ச் 23 அன்றே அங்கே திருத்தம் வெளியானது. 28ஆம் தேதி அதை விலக்கிப் பழைய விதியையே வைத்தார்கள். லெபனான் தலைநகரின் பெயரோடு 'பெய்ரூட், காலை ஒன்பது' என்று எழுதியிருந்தவர்கள் தரவைப் புதுப்பித்தால் போதும். எண்ணை எழுதியிருந்தவர்கள் ஒவ்வொரு பதிவாகத் தேடித் திருத்த வேண்டும். உங்கள் சர்வரில் அந்தத் தரவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று நாளையே பாருங்கள்.

இல்லாத நேரம், இருமுறை வரும் நேரம் இரண்டையும் விளக்க எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க்கில் அந்த மார்ச் ஞாயிறு அதிகாலை இரண்டரை மணி என்பதே கிடையாது. நவம்பரில் ஒன்றரை மணி இருமுறை வரும். தவணைப் பணம் பிடிக்கும் வேலையை அந்த நேரங்களில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், எந்தத் தேதிக்கான தவணை பிடிக்கப்பட்டது என்று பதிவுசெய்து, அதே தேதிக்கு இரண்டாம் முறை பிடிக்க மறுக்கும்படி எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.