பள்ளிக் கட்டணமும் ஞாயிற்றுக்கிழமையும்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு அப்பா என்னிடம் வந்தார். "நாலு மாசமா பையனைக் கண்ணுல காட்டல மேடம், அதனால ஜீவனாம்சத்தை நிறுத்திட்டேன், சரிதானே?" என்றார். அதற்கு முந்தின வாரம் வந்த ஒரு அம்மா இதையே திருப்பிப் போட்டுக் கேட்டார், பணம் வரும்வரை பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். தப்பு.

பணம் வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு. இரண்டுமே பிள்ளைக்குச் சேர வேண்டியவை. பார்க்க விடவில்லை என்றால், பிள்ளையைப் பார்க்க நீதிமன்றம் தந்த உத்தரவை நடைமுறைப்படுத்தக் கேட்டு மனுப் போடுங்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்தி அம்மாவைத் தண்டிக்க உங்களுக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை.

இந்து இளவர், காப்பாளர் சட்டம், 1956 ஐந்து வயது முடியாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. உடனே ஊரில் என்ன பேசுகிறார்கள் என்றால், ஐந்து முடிந்த மறுநாளே பிள்ளை தகப்பனுக்குப் போய்விடும் என்று. அப்படி இல்லை. எந்த வயதிலும் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான், நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றக் கேட்கலாம்.

எனக்கு அதிகம் வலிப்பது பரஸ்பர விவாகரத்து ஒப்பந்தங்கள். வழக்கு சீக்கிரம் முடிந்தால் போதும், இந்த வாய்தாவோடு நிம்மதி கிடைத்தால் போதும் என்று ஒரு தாய் "எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார், மூன்று வருடம் கழித்துப் பிள்ளைக்கு ஒரு ஆபரேஷன் என்று வரும்போது அந்தக் காகிதத்தைக் காட்டி அப்பா கையை விரிக்கிறார். தாய் தனக்கு வருவதை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைக்கு வருவதை அவர் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? சமரசத்தில் தாய் எழுதிக் கொடுத்தது மகனின் உரிமையைப் பாதிக்காது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் இங்கே யாராவது இருந்தால், கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் சம்பளத்தை மறைக்கிற விஷயம். வழக்கு வந்ததும் வேலையே போய்விட்டது என்பார்கள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது: ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். அம்மா சம்பாதித்தால் பிள்ளையின் செலவில் அவருக்கும் பங்கு உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவு, எந்த மதத்தவருக்கும் பொருந்தும். அதில் பாக்கி விழுந்தால், விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். "கொடுத்துடுவார், பார்க்கலாம்" என்று இரண்டு வருடம் காத்திருந்து, பழைய பாக்கியை இந்த வழியில் கேட்க முடியாமல் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுக்காமல் சிறைக்குப் போனாலும் கடன் தீராது, வெளியே வந்தும் கட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த அப்பா நல்ல மனிதர்தான், பிள்ளையைப் பார்க்காத கோபம் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. என் முன்னாலேயே போனை எடுத்து நான்கு மாதப் பணத்தையும் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையனைப் பார்க்கக் கேட்கும் அவருடைய மனுவை வருகிற திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம்.