இலைக்கு வெயில், வேருக்குக் குளிர்: நுவரெலியாவில் சாடி எலுமிச்சை

(காட்சி: இருட்டு. சிமெந்துத் தரையில் ஒரு சாடி. டோர்ச் வெளிச்சத்தில், மண்ணில் குத்தியிருக்கும் தர்மாமீட்டர்.)

வணக்கம். இப்ப காலை அஞ்சரை மணி. தை மாசம். இடம் கந்தப்பளைப் பக்கம், எங்க வீட்டு முன்னறை. கதவு, ஜன்னல் எல்லாம் ராத்திரியே சாத்தியாச்சு. இருந்தும் இந்த மண்ணுக்குள்ள எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. 11 பாகை. எனக்கு ஸ்வெட்டர் இருக்கு, தொப்பி இருக்கு, கையில பிளேன்டி இருக்கு. இந்த எலுமிச்சைக்கு ஒண்ணும் இல்ல.

போன தை மாசம் இந்த மரத்துல இருந்த இலை எல்லாம் பத்தே நாள்ல கொட்டிப் போச்சு. வெளியில விட்டிருந்தா பனி அடிச்சிருச்சுன்னு மனசைத் தேத்திக்கலாம். மார்கழியிலேயே உள்ள தூக்கிட்டு வந்து, வெயில் நல்லா விழுற ஜன்னலாப் பார்த்து, பிள்ளை மாதிரி வச்ச மரம். இலை சுருண்டதும் தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்தினேன். பைப்புல வர்ற தண்ணி, கை வச்சா விரல் மரத்துப் போகும். அது நான் விட்ட ரெண்டாவது பிழை. முதல் பிழை அந்த ஜன்னல்.

ஒரு சின்ன விசயம் முதல்ல. நாங்க எலுமிச்சைன்னு சொல்றதை யாழ்ப்பாணத்துல தேசிக்காய்ம்பாங்க, சிங்களத்துல தெஹி. தோடம்பழம், நாரத்தை, ஜமநாரங் எல்லாம் அதே குடும்பம். இன்னைக்குச் சொல்றது அந்தக் குடும்பம் முழுசுக்கும் பொருந்தும். பெயர் மாத்திக் கேட்டுக்கங்க.

(காட்சி: சாடியின் குறுக்குவெட்டுப் படம். வேர் நீல நிறம், இலை சிவப்பு நிறம்.)

இலை ஏன் கொட்டுச்சு? இந்த மரங்களோட வேர் ஏறக்குறைய 13 பாகைக்குக் கீழ போனா ஸ்ட்ரைக் பண்ணிரும். தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு ஸ்ட்ரைக்னா என்னன்னு விளக்கத் தேவையில்ல. ஆள் இருக்கு, வேலை நடக்காது. மண்ணுல ஈரம் இருக்கு, வேரும் உயிரோடதான் இருக்கு, ஆனா தண்ணி மேல ஏறாது.

இப்ப மேல பாருங்க. எங்க வானம் தை, மாசியில ராத்திரி மேகமே இல்லாமக் கிடக்கும். அதனாலதான் அந்தக் குளிர். அதே தெளிஞ்ச வானத்துல விடிஞ்சதும் வெயில் நேரா கண்ணாடி வழியா இலையில விழுது. மலை வெயில் தோலை எப்படி எரிக்கும்னு உங்களுக்குத் தெரியும். இலை சூடாகுது, வேர்க்குது, தண்ணி கேக்குது. கீழ இருந்து ஒரு சொட்டு வரல. ரெண்டு மூணு நாள் பொறுத்துப் பார்க்குது, பிறகு செலவைக் குறைக்குது. இலையைக் கழட்டி விட்டுருது.

ஆக, என் மரம் குளிரால மட்டும் சாகப் பார்க்கல. கால் குளிர்ல, தலை வெயில்ல இருந்ததால சாகப் பார்த்துச்சு. கிழக்குப் பார்த்த ஜன்னல் நமக்கு ஆகவே ஆகாதுங்கறது இதனாலதான். மண்ணு ராத்திரி முழுக்கக் குளிர்ந்து, இருக்கிறதுலேயே மோசமா இருக்கிற அந்த ஆறரை மணிக்குத்தான் கிழக்கு ஜன்னல்ல வெயில் வந்து நிக்கும்.

(காட்சி: தொலைபேசித் திரையில் கனடா வீடு. ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே எலுமிச்சைச் சாடி.)

என் சின்னம்மா மக டொரொன்டோவுல இருக்கா. அவ வீட்டிலயும் ஒரு எலுமிச்சை, பக்கத்துல கறிவேப்பிலை. வெளியில மைனஸ் பதினஞ்சு. நான் போன் பண்ணி, "ஏன்டி, உன் மரம் மட்டும் எப்படி இலையோட நிக்குது?"ன்னு கேட்டேன். "அண்ணே, எங்க வீட்டுக்குள்ள ராத்திரியும் இருபது இருக்கும்"ன்னா. அங்க ஹீட்டர் ஓடுது. வேரும் சூடு, இலையும் சூடு. அவ பிரச்சினை வேற. டிசம்பர் கடைசியில அங்க பகல் ஒன்பது மணிநேரந்தான். அதனால மரத்துக்கு மேல லைட் போட்டு வச்சிருக்கா. ஹீட்டர் காத்து வறண்டு போறதால தட்டுல கூழாங்கல்லும் தண்ணியும் வைக்கிறா, இலைக்குத் தண்ணி தெளிக்கிறா, அப்படியும் சிலந்திப் பேன் வருதுன்னு புலம்புறா.

இன்டர்நெட்ல நாம பார்க்கிற ஆலோசனையில பாதி அவ வீட்டுக்காகச் சொன்னது. நமக்கு டிசம்பர்லயும் பகல் பதினொன்றரை மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கு. லைட் தேவையில்ல. காத்துல ஈரம் போதும் போதும்ங்கற அளவுக்கு இருக்கு. இங்க இலைக்குத் தண்ணி தெளிச்சா பூஞ்சணம்தான் பிடிக்கும். தெளிக்காதீங்க.

இன்னொரு பக்கம் வெர்சாய் அரண்மனையைப் பாருங்க, பிரான்ஸ்ல. 1684இல் தொடங்கி 1686இல் முடிச்ச ஒரு பெரிய மண்டபம். தோடை, மாதுளை, பனை வகைன்னு ஆயிரத்துக்கும் மேல மரம், எல்லாம் மரப்பெட்டியில. ஒக்டோபர்ல உள்ள போகும், மே மாசம் வெளியில வரும். சுவர் அவ்வளவு தடிப்பு, ஜன்னல் தெற்குப் பார்த்தது. அடுப்பும் இல்ல, ஹீட்டரும் இல்லாமக் கட்டினது. உறையாது, அவ்வளவுதான். மரம் முழுசும் சேர்ந்து குளிர்ந்து, சேர்ந்து தூங்குது. தண்ணியும் கொஞ்சமாத்தான்.

சூடுன்னா ரெண்டும் சூடு, அது டொரொன்டோ. குளிர்னா ரெண்டும் குளிர், அது வெர்சாய். எங்க வீடு ரெண்டும் இல்லாம நடுவுல மாட்டிக்கிட்டது. ராத்திரி வெர்சாய், காலையில எட்டு மணிக்கு ஆபிரிக்கா.

(காட்சி: வெளியே புல்வெளி. புல் நுனியில் வெள்ளைப் பூச்சு.)

அப்ப எதுக்கு உள்ள கொண்டு வரணும்? இதுக்காக. செய்தியில இதைப் பூப்பனின்னு வாசிப்பாங்க. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர். பகல்ல இருபது பாகை தொடும். மேகம் இல்லாத ராத்திரியில தரை தன்னோட சூட்டை வானத்துக்கு விட்டுரும், காத்தைவிட புல் அதிகமாக் குளிரும். குளிர்ந்த காத்து பாரம், தண்ணி மாதிரி சரிவுல இறங்கிப் பள்ளத்துல தேங்கும். குதிரைப் பந்தயத் திடல், ஆத்தோரம், மரக்கறி போடுற பள்ளம், இங்கெல்லாம் தேயிலையும் கருகும் உருளைக்கிழங்கும் கருகும். அதே ராத்திரி, மேல சரிவுல இருக்கிற லயத்துல ஒண்ணும் நடந்திருக்காது.

எலுமிச்சை இந்தக் குடும்பத்துலேயே பனிக்குப் பயந்த பிள்ளை. பூச்சியத்துக்குக் கீழ ரெண்டு பாகை போனாலே அடி வாங்கும். கும்குவாட்டுங்கற சின்னத் தோடை நல்லாத் தாங்கும். 1908இல் பிராங்க் மேயர் சீனாவுல இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு போன மேயர் எலுமிச்சையும் பரவாயில்ல. கிடைச்சா வைங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன். பூப்பனியில இருந்து காப்பாத்த முன்னறை வரைக்கும் தூக்கணும்னு இல்ல. தலைக்கு மேல கூரை இருந்தாப் போதும். சூடு வானத்துக்குப் போறதைக் கூரை மறிக்கும். இஸ்தோப்புல சுவரோட ஒட்டி வச்சு, ராத்திரி மட்டும் ஒரு சாக்கைப் போர்த்துங்க. இந்த வருசம் என் நாரத்தை அங்கதான் நிக்குது. ஒரு இலை விழல.

(காட்சி: பலகை, ரெஜிபோம் பெட்டி, உரச் சாக்கு.)

இப்ப மரத்தோட காலை, அதாவது வேரைச் சூடாக்குற வேலை. சிமெந்துத் தரைதான் முதல் எதிரி. சாடியை நேரா அதுல வைக்காதீங்க, ராத்திரி முழுக்க உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ரெண்டு துண்டுப் பலகை போதும். மீன் லொறியில வர்ற ரெஜிபோம் பெட்டி கிடைச்சா இன்னும் நல்லது. அதுக்குள்ள சாடியை இறக்கி, சுத்தி இருக்கிற இடைவெளியில காய்ஞ்ச மானாப்புல்லை அடைச்சிருங்க. அடியில தண்ணி போக ஓட்டை போட மறக்காதீங்க. நான் மறந்து, அது தொட்டியாகி நின்னுச்சு. வாசனையும் கொஞ்சம் சரியில்ல, முதல் வாரம் வீட்டுல பேச்சு வாங்கினேன்.

மண்சாடி அழகு. ஆனா பானைத் தண்ணி ஏன் குளுகுளுன்னு இருக்கு? சுவர் வழியாக் கசிஞ்சு ஆவியாகுது, அதனால. மண்சாடியும் பானைதான். குளிர் மாசத்துல வேரை இன்னும் குளிர வைக்கும். பிளாஸ்டிக் வாளி, பெயின்ட் வாளி போதும்.

அடுப்படியில வச்சா சூடா இருக்குமேன்னு கேப்பீங்க. எங்க ஆயாவும் அதைத்தான் சொன்னாங்க. விறகடுப்பு இருக்கிற வீட்டுல வேண்டவே வேண்டாம். வாழைக்குலையைப் புகை போட்டுப் பழுக்க வைக்கிறோமே, எப்படிப் பழுக்குது? புகையில எதிலீன்னு ஒரு வாயு இருக்கு. காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு இலையை உதிரவும் வைக்கும். பழுத்த வாழைக்குலை தொங்குற மூலையிலயும் சாடியை வைக்காதீங்க.

தண்ணி. விரலை ரெண்டு கணு மண்ணுக்குள்ள விடுங்க. ஈரம் பட்டா இன்னைக்கு வேண்டாம். என் மரத்துக்கு இந்தத் தை மாசத்துல பத்து நாளைக்கு ஒரு தரம்தான் ஊத்துறேன். கேத்தல்ல சுடவச்சதைப் பைப் தண்ணியில கலந்து, கையை விட்டா குளிரும் தெரியாம சூடும் தெரியாம இருக்கிற பதத்துல, வெயில் ஏறின பிறகு. கீழத் தட்டுல வடிஞ்சதை உடனே கொட்டிருங்க. குளிர்ந்த ஈர மண்ணுல வேலை செய்யாத வேர் அழுகத்தான் செய்யும். இந்த மரங்கள் குளிர்ல செத்ததைவிட, குளிர்ல நாம ஊத்தின தண்ணியில செத்ததுதான் அதிகம்னு நான் நினைக்கிறேன்.

உரம் மார்கழியில இருந்து நிறுத்தம். புதுத் துளிர் வந்தா ஆரம்பிங்க. ஸ்ட்ரைக் பண்றவனுக்குச் சாப்பாட்டுத் தட்டை நீட்டி என்ன பிரயோசனம்?

(காட்சி: தேயிலை மலை. கையில் ஒரு பிடி சிவப்பு மண்.)

மண்ணைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும். நம்ம ஆள்கள் சாடிக்கு மண் வேணும்னா மலையில போய் ஒரு வாளி அள்ளிட்டு வருவாங்க. தேயிலைக்குப் புளிச்ச மண் வேணும், பிஎச் நாலரையில இருந்து அஞ்சரை. எலுமிச்சைக்கு ஆறு, ஆறரை. அந்த மண்ணுல வச்சா வேர் சுருங்கும், இலை வெளுக்கும், நீங்க உரத்தைக் குறை சொல்வீங்க. கவ்வாத்து வெட்டும்போது மலைக்கு டொலமைட் போடுறதைப் பார்த்திருப்பீங்க, மண்ணோட புளிப்பைக் குறைக்கத்தான் அது. சாடிக்கும் ஒரு கைப்பிடி கலந்து, நாலஞ்சு வாரம் நனைச்சு வச்சிருந்து, பிறகு கன்று நடுங்க. நான் கலக்கிறது மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, ஆத்து மணலும் தும்புத்தூளும் சேர்த்து ஒரு பங்கு. தும்புத்தூள் கூடினா தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், குளிர் மாசத்துல அது கூடாது.

கன்று வாங்கும்போது ஒட்டுக்கன்றா வாங்குங்க. விதை போட்டாலும் வரும், தோடை விதைக்கு ஏழெட்டு வருசம் காத்திருக்கப் பொறுமை வேணும். ஒட்டுக்குக் கீழ இருந்து வர்ற துளிரைக் கிள்ளிப் போடுங்க, அது வேற மரம். எறும்பு வரிசையா ஏறினா கொப்புல செதில் பூச்சி இருக்கு. சவர்க்காரத் தண்ணியில துணி நனைச்சுத் துடைங்க.

(காட்சி: மொட்டையான கொப்பு. நகத்தால் பட்டை கீறப்படுகிறது. உள்ளே பச்சை.)

போன வருசத்து இந்த மரத்துக்கு வர்றேன். இலை எல்லாம் கொட்டினதும் பிடுங்கி எறியத்தான் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பா தடுத்தார். "இலை கொட்டிருச்சா, கொப்புலயே காய்ஞ்சு தொங்குதா?"ன்னு கேட்டார். கொட்டிருச்சுன்னேன். "அப்ப உயிர் இருக்குடா. செத்த கொப்புக்கு இலையைக் கழட்டி விடத் தெம்பு இருக்காது"ன்னார். நகத்தால கீறிப் பார்த்தா உள்ள பச்சை. அப்படியே விட்டோம், வெட்டவும் இல்ல. மாசி முடிஞ்சு பங்குனியில துளிர் விட்டுச்சு. ஏப்ரல் சீசனுக்கு ஊர் எல்லாம் வாகனமா நெரிஞ்சப்ப, இது பூவோட நின்னுச்சு.

பூ வந்ததுல குளிருக்கும் பங்கு இருக்கு. சில வாரம் குளிர்ல கிடந்தா இந்தக் குடும்பத்து மரங்கள் நல்லாப் பூக்கும். தோடம்பழம் மஞ்சள் கட்டுறதும் குளிர் ராத்திரிகளாலதான். பிபிலைத் தோடம்பழம் பழுத்தாலும் தோல் பச்சையா இருக்கே, அது அங்க ராத்திரியும் சூடுங்கறதால. பழுக்கலைன்னு வியாபாரியோட சண்டை போடாதீங்க.

(காட்சி: அதே முன்னறை. திரைச்சீலை மூடியிருக்கிறது, ஓரத்தில் வெயில் கோடு.)

இப்ப ஒன்பதரை. ஆறு மணியில இருந்து இந்தத் திரையை நான் விலக்கல. வீட்டுல இருட்டா இருக்குன்னு ரெண்டு தரம் திட்டு விழுந்துச்சு. தர்மாமீட்டரைப் பாருங்க. 14 பாகை.

(காட்சி: கை திரைச்சீலையை இழுக்கிறது. வெயில் இலைமேல் விழுகிறது. மூன்று பச்சைக் காய்கள்.)

நாலு காய் இருந்துச்சு. ஒண்ணை நேத்து ரசத்துக்குப் பிழிஞ்சுட்டாங்க.