பை இறக்கிய பிறகு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் ஹட்டன் வரை வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

'நெடும்பயணத்தின் பெரும்பயன் கிடைப்பது வழியிலா, வீடு திரும்பிய பிறகா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் சொன்னார்: "வாசலில் பையை இறக்கியதும் பயணம் செத்துவிடும். மிஞ்சுவது அழுக்குத் துணியும் கடனும்தான்." நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஏழு மாதம் சுற்றிவிட்டு வந்த எனக்கு முதல் மூன்று வாரம் அப்படித்தான் போனது. பையை அவிழ்க்க மனம் வரவில்லை. விடியற்காலையில் கண் விழித்ததும் எந்த ஊரில் படுத்திருக்கிறோம் என்று புரியாது. தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்ட பிறகுதான் நம் லயம், நம் தோட்டத்து வரிசை வீடு என்று தெரியும். தெரிந்ததும் அழுகை வரும். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் நண்பர் அந்த மூன்று வாரத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் நான்காவது வாரத்திலிருந்து பேச வந்திருக்கிறேன்.

நம் மலைநாட்டுச் சுற்றுலா ஊரான எல்லவில் ஒரு விடுதியில் நான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். முதுகில் பை சுமந்து வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அறைச் சாவி கொடுப்பதும், ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வழி சொல்வதும்தான் என் தொழில். யாரோ ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன பையில்தான் என் துணியை அடுக்கினேன். மலேசியா, தாய்லாந்து, நேபாளம், கடைசியாக இந்தியா. போன இடத்திலெல்லாம் தேயிலை மலையைத் தேடிப் போனேன். கேமரன் மலை, இலாம், டார்ஜிலிங், நீலகிரி என்று கால் தானாகவே அங்கே இழுத்துக்கொண்டு போனது.

வழியில்தான் எல்லாம் கிடைக்கிறது என்கிறார்களே, வழியில் எனக்கு என்ன கிடைத்தது என்று உள்ளதைச் சொல்கிறேன். அன்னபூர்ணா பக்கம் தொரோங் லா கணவாய், 5,416 மீட்டர் உயரம். இலங்கையிலேயே உயரமான நம் பிதுருதலாகலை மலை 2,524 மீட்டர்தான். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே நின்றபோது என் மனதில் எந்தத் தத்துவமும் ஓடவில்லை. தலை வெடித்தது. மூச்சு முட்டியது. இருட்டுவதற்குள் கீழே முக்திநாத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. வழியில் இருப்பவருக்கு அடுத்த பஸ், அடுத்த படுக்கை, கையிருப்புக் காசு, காலில் கொப்புளம், இவைதான் உலகம். பார்ப்பதற்கு நிறைய இருக்கும். பார்த்ததை நினைத்துப் பார்க்க நேரம் இருக்காது.

நேபாளத்து இலாமில் ஒரு அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். மூங்கில் கூடையின் பட்டை நெற்றியில் பதிந்து, அந்த இடத்தில் தோல் தடித்து ஒரு கோடு ஓடியிருந்தது. எவ்வளவு உழைப்பு என்று நெகிழ்ந்து, அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அதோடு மறந்தும் போனேன்.

ஊருக்கு வந்து நான்காவது வாரம். அம்மா இஸ்தோப்பில், வீட்டுத் திண்ணையில், உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டிய அந்த நேரத்தில் பார்த்தேன். அதே கோடு. கூடைக்கயிறு முப்பது வருடம் இழுத்த கோடு. பிறந்ததிலிருந்து பார்த்த நெற்றி, ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. நேபாளத்துத் தாயின் நெற்றியில் தெரிந்தது, என்னைப் பெற்றவள் நெற்றியில் தெரியவில்லை! போனில் இருந்த படத்தை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கும் கழுத்து வலிக்கும். ராவுல தைலம் தேய்க்க ஆள் இருக்கா?" என்று கேட்டார். நடுவர் அவர்களே, இலாமில் அவ்வளவு நேரம் நின்றேனே, அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இலாம் எனக்குப் புரிந்தது இலாமில் அல்ல, எங்கள் இஸ்தோப்பில்.

நான் திரும்பியது கப்பலில். நாகப்பட்டினத்தில் ஏறி காங்கேசன்துறையில் இறங்கினேன். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல் அது. சில மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் பஸ் ஏறினேன். தம்புள்ளை தாண்டி மாத்தளையை நெருங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்ததும் மாத்தளையை நோக்கித்தான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே 100 மைலுக்கு மேல் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 2023இல், முன்னோர் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்களே, அந்த வழி. அவர்களும் நெடும்பயணம் போனவர்கள்தான். வழியில்தான் பயன் என்றால், அவர்களைவிட வழியைக் கண்டவர் யார்? அவர்களில் பலருக்கு இல்லாமல் போனது திரும்பிப் போகும் நாள் ஒன்றுதான். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று வந்தவர்கள் பலர் இந்தத் தேயிலைத் தூருக்கே உரமானார்கள்.

இன்னொரு திரும்புதலும் இருக்கிறது. 1948இல் நம் தோட்டத்து மக்களின் குடியுரிமை போனது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று கணக்குப் போட்டார்கள். இங்கேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணால்கூடக் காணாதவர்களைக் கப்பலேற்றி, அவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். இங்கே இருந்தால் இந்தியத் தமிழர், அங்கே போனால் சிலோன்காரர்.

நீலகிரியின் கோத்தகிரியில் அப்படிப் போன ஒரு ஆயாவைச் சந்தித்தேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சின்னப் பெண்ணாகப் போனவர், தாயகம் திரும்பியோருக்காக அரசு நட்ட தேயிலையிலேயே வேலை செய்து ஓய்ந்துவிட்டார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நேபாளம் எப்படி, பாங்காக் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. "சென்கிளையர்ல தண்ணி விழுதா ஆத்தா?" என்றுதான் கேட்டார்.

தலவாக்கலைப் பக்கத்து சென்கிளையர் அருவியைத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நூறு தடவை அந்த வழியே பஸ்ஸில் போனவள், ஜன்னல் பக்கம் திரும்பாமல் போயிருக்கிறேன். மேல் கொத்மலை மின் திட்டம் வந்த பிறகு நீர் குறைந்தது என்று காதில் விழுந்ததைச் சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தை எதிரணி நண்பர்கள் பார்த்திருந்தால் இந்த மேடையில் என் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த நான்காவது வாரம்தான் பையை அவிழ்த்தேன். துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். சென்கிளையர் அருவிக்கு எதிரே வீதியோரம் நின்றேன். முன்பு இருந்த அகலம் இல்லை, ஆனால் தண்ணீர் விழுந்தது. ஒரு நிமிடம் அசையாமல் போனில் பிடித்தேன். அங்கிருந்து ஆயா பிறந்த தோட்டத்துக்கு நடந்து, அவர் சொன்ன அடையாளத்தை வைத்து லயத்தைக் கண்டுபிடித்தேன். யார் என்ன என்று விசாரித்துவிட்டு, அங்கிருந்தவர்கள் எனக்கு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் தந்தார்கள். ஏழு மாதத்தில் எத்தனையோ பேர் வீட்டு வாசலை மிதித்திருக்கிறேன். இன்னொருவருடைய கண்ணாகப் போய் நின்றது அந்த வாசலில்தான். இது வழியில் கிடைத்த பயனா, வீடு வந்த பிறகு கிடைத்ததா என்று நடுவர் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

படங்களைக் கோத்தகிரிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஆயாவின் பேத்தியிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அக்கா, ஆயா அந்தத் தண்ணியவே திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறாங்க. ஃபேக்டரி பக்கத்துல ரோதமுனி சாமி இருக்குமாமே, இப்பவும் விளக்கு வைக்கிறாங்களான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க."

ரோதமுனி, தேயிலை ஃபேக்டரியைக் காக்கும் நம் தோட்டத்துச் சாமி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். அம்மாவும் கூட வருகிறார். எண்ணெய்ப் போத்தல் இப்போதே அந்தப் பைக்குள் இருக்கிறது.

நன்றி. வணக்கம்.